நான் குறைத்த இருநூறு வெள்ளி

மதுரையிலிருந்து வேலைக்கு வரவிருந்தவரிடம் சம்பளம் பேசியது நான்தான். சிங்கப்பூர்ச் செலவைக் கணக்குப் போட்டு ஒரு தொகை கேட்டார். அதைக் கொடுக்க எனக்கு அனுமதி இருந்தது. ஆனால் பேரம் பேசாவிட்டால் நான் என்ன மேனேஜர்?

"நம்மாளு நீங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க லா" என்று இருநூறு வெள்ளியைக் குறைத்தேன். மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். முதலாளி என்னைப் பாராட்டினார்.

குடும்பத்தை இங்கே அழைத்துவர அரசு வைத்த குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு. அவருக்கு அதில் நூறு வெள்ளி குறைந்தது. கூட்டித் தரும்படி முதலாளியிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டுதானே வந்தார் என்று முடித்துவிட்டார்.

போன ஞாயிறு தேக்கா மார்க்கெட்டில் இருவரும் டீ குடித்தோம். மதுரையில் இருந்த மகளிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவர் போனை என் பக்கம் திருப்பினார்.

"பாப்பா, அப்பாவுக்கு வேலை கொடுத்த மாமா. வணக்கம் சொல்லு."

குழந்தை கும்பிட்டது. நல்லவேளை, என் கையில் டீ இருந்தது. பதிலுக்குக் கும்பிட வேண்டியிருக்கவில்லை.