சகலை வீட்டுக் கடல்

திண்டிவனத்தில் போய் வெல்டிங் பட்டறை நெடுஞ்செழியன் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். மீன்தொட்டி நெடுஞ்செழியன் என்று கேட்டுப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டு பூக்காரி வரைக்கும் கையை நீட்டி வழி சொல்வாள். அந்தப் பெயர் ஒன்றுதான் அவன் வாழ்க்கையில் சம்பாதித்தது. மற்றதெல்லாம் தானாக வந்தது, தானாகப் போனது.

ஓமந்தூரில் பிறந்தான். பத்தாவதில் கோட்டை விட்டான். பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வெல்டிங் கற்றான். மயிலம் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டு, கேட்டும் கிரில்லுமாக அடித்துப் பிழைத்தான். பொன்னியைக் கட்டினான். குழந்தை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. எல்லாம் பார்த்து ஓய்ந்த ஒரு வருஷத்தில், பட்டறையில் மிஞ்சிய இரும்பு ஆங்கிளை வெட்டி ஒட்டி ஒரு ஸ்டாண்டு செய்து, அதன்மேல் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, நாலு தங்க மீன் விட்டான். வீட்டில் ஏதோ உயிர் அசைகிறது என்றாள் பொன்னி. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கூடத்துச் சுவர் முழுக்கத் தொட்டிகள் வந்துவிட்டன.

காலையில் தீனி போடுவது பொன்னியின் வேலை. சும்மா தூவிவிட்டுப் போகமாட்டாள். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, முகத்துக்கு முகம் பார்த்து, "இன்னாடி, நேத்து சரியா சாப்புடலையா?" என்று விசாரித்துத்தான் போடுவாள்.

அந்த வீட்டுக்கு லீவு விட்டால் வந்து இறங்குகிறவள் அஸ்வினி. பொன்னியின் தங்கை கலைப்பிரியா பெற்ற ஒரே பெண். நாலாம் வகுப்பு. விழுப்புரத்தில் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடி, "பெரியப்பா, இது புதுசா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக நெடுஞ்செழியன் முழுப் பரீட்சை முடிவதற்குள் புது மீன் ஒன்றாவது வாங்கி வைத்துவிடுவான். பெற்றவனுக்கு அந்தப் பெண் மேல் எவ்வளவு உரிமையோ, தனக்கும் கொஞ்சம் உண்டு என்று அவன் மனசுக்குள் எழுதியே வைத்திருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் சகலையிடமிருந்து போன் வந்தது. சகலை ஆனந்தராஜ், மருந்துக் கம்பெனி ரெப். கார், டை, பேசினால் பாதி இங்கிலீஷ்.

"சகல, ஒரு ஸ்டாண்டு வேணும். மூணரை அடி தொட்டிக்கு. நல்லா ஸ்ட்ராங்கா, டபுள் கோட் பெயிண்ட் அடிச்சு குடுங்க."

"உனக்கு இன்னாத்துக்கு தொட்டி?"

"சால்ட் வாட்டர் போடறேன். கடல் மீனு. பாப்பா கேட்டுக்கினே இருக்குது. உங்கள்து மாதிரி இல்ல, இது வேற லெவலு."

நெடுஞ்செழியன் போனை வைத்தான். பாப்பா கேட்டாளாம். தன்னிடம் கேட்காத பாப்பா. கடல் மீன் வைக்க வேண்டும் என்று அவனுக்கும் ஆசை உண்டு. நாலைந்து வருஷமாக வீடியோ வீடியோவாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கைக்கு எட்டாது என்று ஒத்திப்போட்டதை, நேற்றுவரை குப்பி மீனுக்கும் கெண்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன் செய்யப்போகிறான். அதற்கு ஸ்டாண்டு அடிக்க இவன். வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு ஸ்டாண்டை மட்டும் குறை சொல்ல முடியாதபடி அடித்தான். அதில் அவனை அசைக்க முடியாது.

விழுப்புரத்தில் கொண்டுபோய் இறக்கியபோது ஆனந்தராஜ் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்த உப்பு மூட்டையை எடை போட்டு வடிகட்டிய தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தான். பாறைகளை அடுக்கினான். மோட்டாரை ஓடவிட்டான். பிறகு ஒரு மாசத்துக்கு மேல் அதில் மீனே விடவில்லை. தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம். அந்த ஒரு மாசமும் நெடுஞ்செழியனுக்குப் பொங்கல் தீபாவளி மாதிரிக் கழிந்தது.

"வெறும் தண்ணிய வெச்சுக்கினு குடும்பமே உக்காந்து வேடிக்கை பாக்குது" என்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். காத்திருக்கத்தான் வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தான்.

பிறகு மீன் வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி, நீலமாக ஒன்று, கூடவே சிவப்புக் கோடு போட்ட ஓர் இறால். இறாலை யாராவது அழகுக்கு வளர்ப்பார்களா, தொக்கு வைக்கிற சாமான் என்று நெடுஞ்செழியன் சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் விழுப்புரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவனிடமே அதன் அழகைச் சொன்னார்கள்.

முழுப் பரீட்சை லீவு விட்டது. தொட்டிகளை எல்லாம் கழுவி, புதிதாக ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி வாங்கி விட்டிருந்தான். பொன்னி மல்லாட்டையை வறுத்து வெல்லப்பாகில் உருண்டை பிடித்து டப்பாவில் வைத்திருந்தாள். அஸ்வினி வரவில்லை. வீடியோ காலில் வந்தாள்.

"பெரியப்பா, நான் வந்தா இதுங்களுக்கு யாரு தீனி போடுவாங்க? நீங்க வாங்க பெரியப்பா, பெரியம்மாவ கூட்டிக்கினு வாங்க."

குழந்தை ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் அன்றைக்கு ஏஞ்சல் மீன்களைப் பார்க்கவே பிடிக்காமல் பட்டறையிலேயே இருந்தான். சகலையின் தொட்டி உடையட்டும், கரண்ட்டு போகட்டும், மீனெல்லாம் மல்லாந்து மிதக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னான். வெல்டிங் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது.

பொன்னிக்குத் தங்கை மகளைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் போனாள். போனவள் தொட்டிக்கு முன்னால் நின்றவள்தான். நகரவில்லை.

"ஐயோ கலா, கண்ணையே எடுக்க முடியலடி. ரெண்டும் எப்படி ஒண்ணை ஒண்ணு உரசிக்கினு போவுது பாரு! கொடுத்து வெச்சவடி நீ."

கலைப்பிரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நெடுஞ்செழியன் பார்த்தான். பிள்ளையில்லாதவள் வாயில் வந்த 'கொடுத்து வெச்சவ' அது. சாயந்திரம் விளக்கேற்றியதும் கலைப்பிரியா அடுக்களையிலிருந்து ஒரு கை நிறையக் கல் உப்பை அள்ளி வந்தாள். தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஊரெல்லாம் கழிக்கிற திருஷ்டிதான். சுற்றிய உப்பைத் தண்ணீரில் போட்டால் அது கரைகிற மாதிரி கண்ணும் கரையும். அதற்கு எல்லாரும் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்வார்கள். கலைப்பிரியா தொட்டியின் மூடியைத் திறந்து அதற்குள்ளேயே போட்டாள்.

"இதுலயா போடற?" என்றான் நெடுஞ்செழியன்.

"உப்புத் தண்ணிதானே மாமா! செவ்வா வெள்ளி தவறாம போட்டுட்டு வர்றேன். அதான் ஒரு நோய் நொடி கிட்ட வரல."

அவன் குனிந்து பார்த்தான். கண்ணாடி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அவன் இரண்டு கோட் அடித்துக் கொடுத்த ஸ்டாண்டின் மூலையில் துரு பூத்திருந்தது. சூடு தாங்காமல் ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. அதன் தலையில் வாரம் இரண்டு கை உப்பு. தாங்குமா? முதலில் இறால் போகும், அப்புறம் மீன். எல்லாம் அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. உப்பை அளக்கிற கருவி ஒன்று அலமாரியில் பிரிக்காத புதுசு மாதிரி உட்கார்ந்திருந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஆனந்தராஜ் தோளில் கை போட்டான். "இன்னா சகல, அப்படிப் பாக்குறீங்க? ஸ்டடி பண்றீங்களா? இதெல்லாம் சயின்ஸு. உங்க மீனுக்கு போர் தண்ணி போதும்."

அஸ்வினி அப்பாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

நெடுஞ்செழியன் வாயை மூடிக்கொண்டான். நல்லாப் போடு தாயே, இன்னும் ரெண்டு கை சேர்த்துப் போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கொடுத்த காபியைக் குடித்தான். அந்த வருஷத்தில் அவன் குடித்த காபிகளிலேயே ருசியானது அதுதான்.

வீட்டுக்கு வந்து காத்திருந்தான். போன் அடிக்கும்போதெல்லாம் ஒரு ஆசை. இறால் செத்துப்போனது என்று சேதி வந்தபோது "அச்சச்சோ" என்றான். முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத்தான் பேஜாராக இருந்தது. அப்புறம் ஒரு நாள் ஜோடியில் ஒன்று செத்தது. கலைப்பிரியா அழுதுகொண்டே போன் செய்தாள். பொன்னி மாவு பிசைந்த கையோடு ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நெடுஞ்செழியன் பக்கத்தில்தான் நின்றான்.

"நல்லா இருந்துச்சுக்கா. ஒரு குறையும் இல்ல. அன்னிக்கி நீ வந்து அப்படிப் பாத்துக்கினு நின்ன பாரு... நான் தப்பா சொல்லலக்கா. நீ வேணும்னா பாத்த? இருந்தாலும் சில பேரு கண்ணு... பாப்பா தேம்பித் தேம்பி அழுவுது. கொஞ்ச நாளைக்கி இங்க வர வேணாம்க்கா."

"சரிம்மா" என்றாள் பொன்னி. மாவை மறுபடி பிசைந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் உப்பைச் சொன்னால், அதைப் பார்த்தும் சும்மா இருந்ததையும் சொல்ல வேண்டும். சகலை முன்னால் தலை குனிய வேண்டும். நாள் போனால் அக்கா தங்கை சமாதானமாகிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போனான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும்.

ஒரு காலையில் சாவியை மறந்து திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பொன்னி மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். குனியவில்லை, பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்துத் தீனியைத் தூவினாள். பாதி வெளியே விழுந்தது. ஏஞ்சல் மீன்கள் பழக்கத்தில் அவள் முகம் தேடிக் கண்ணாடிக்கு வந்து முட்டின.

"இன்னா பொன்னி இது?"

"எதுக்குங்க வம்பு? இதுங்களாவது நல்லா இருக்கட்டும்" என்றாள். திரும்பாமலே சொன்னாள்.

அவன் பட்டறைக்குப் போகவில்லை. நேரே விழுப்புரம் பஸ் ஏறினான். விக்கிரவாண்டி தாண்டும்வரை என்ன சொல்வது என்று கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஒன்றும் கூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மிச்சமிருந்த ஆரஞ்சு மீனும் நீல மீனும் பாறை ஓரமாக மூச்சுவாங்கிக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றியதும் சொன்னான்.

"கலா, கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. நீ போடற உப்புதான். தண்ணி கரிச்சுப் போச்சு. சகல, அந்தக் கருவிய எடு."

கருவியைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். சரியான அளவைக் காட்டும் பச்சைக்கோட்டைத் தாண்டி எங்கோ நின்றது. ஆனந்தராஜ் அதை எடுத்துத் துடைத்து மறுபடி மிதக்கவிட்டுப் பார்த்தான். கலைப்பிரியா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஒரேயடியாக மாற்றாமல், நாளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும் என்றான் நெடுஞ்செழியன். முதல் வாளியை அவனே எடுத்தான்.

"உங்களுக்கு எப்பிடி மாமா தெரிஞ்சுது?" என்றாள் கலைப்பிரியா.

இங்கேயே ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"அன்னிக்கி நீ போடறப்பவே தெரியும். சொல்லல. எனக்கு வயித்தெரிச்சல். உங்க அக்காளுக்கு அந்தக் கண்ணே கிடையாதுமா. பாழாப் போற கண்ணு என்னுது."

ஆனந்தராஜ், "நல்லா இருக்குது சகல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அஸ்வினிதான் நின்றாள்.

"அது செத்துப்போவும்னு தெரியுமா பெரியப்பா?"

"தெரியும்மா."

அவள் அழவில்லை. அவன் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு, "நான் ஊத்திக்கிறேன்" என்றாள். அவன் கொஞ்சம் தள்ளி நின்றான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எந்தப் பெண்ணுக்காக இத்தனை நாள் பொருமினானோ அவள் முதுகைப் பார்த்தபடி நின்றுவிட்டு, கிளம்பினான்.

திண்டிவனம் வந்து சேர்ந்தபோது வீட்டில் பொன்னியின் பேச்சு வாசல்வரை கேட்டது. தங்கை அதற்குள் போன் செய்து, அழுது, மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பொன்னி தொட்டிகளுக்கு முன்னால் குனிந்து நின்று, ஏஞ்சல் மீனை முகத்துக்கு முகம் பார்த்து, "இன்னாடி, என்னைத் தேடுனியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய குரல். அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில் போய் நின்றான்.

"கலா சொல்லிட்டாளா?"

"சொன்னா."

"நானே போய்ச் சொல்லிட்டேன் பொன்னி. உன் மேல ஒண்ணும் இல்லன்னு."

"அவ போன்ல என்னை அப்பிடிச் சொன்னப்ப, நீங்க பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தீங்க?"

பொன்னி உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தாள். அவன் உட்கார்ந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்து, சோறு போட்டாள்.