அசல்தாங்க ஐயா

அறுபதுகளின் இறுதியில், மணிமங்கலத்தை அடுத்த ஒரு மக்காச்சோள ஆராய்ச்சிப் பண்ணையில் நான் உதவியாளன். வேளாண்மை படித்தவன். செடிகள் நன்றாக வளராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிருக்குத் தூவி, வேறு தூள் படாமல் காகித உறை மாட்டிவிடுவோம். ஆறேழு தலைமுறை இப்படிச் செய்தால் செடி குள்ளமாகும், வெளிறும். எவ்வளவு நோஞ்சானோ அவ்வளவு தூய்மை. அப்படி இரண்டு நோஞ்சான் வரிசைகளைக் கலந்தால் வரும் விதை ஆளுயரத்துக்கு மேல் எழும்.

உறை மாட்ட ஒரு அம்மாள் வருவாள். அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. “சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்து வந்து, கடைசியில் அசலில் சம்பந்தம் செய்கிறோம்” என்று அவளுக்கு விளக்கினேன்.

“அதுக்கு மொதல்லியே அசல்ல குடுத்துட்டா இன்னா தம்பி? நடுவுல இன்னாத்துக்கு அதுங்கள வாட்டினுகீறீங்க?”

அடுத்த உறையை அவளிடம் நீட்டினேன்.

ஒருநாள் தாம்பரத்தில் பகல் காட்சி பார்க்க வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பன்னிரண்டாம் வரிசையில் மகரந்தமே உதிரவில்லை. பக்கத்து வரிசைத் தூளை அதில் தூவிவிட்டு ஓடினேன். “சம்பந்தம் முடிஞ்சுதா தம்பி?” என்று, அதற்கு உறை மாட்டிக்கொண்டே அவள் சிரித்தாள்.

அடுத்த பருவம் பன்னிரண்டாம் வரிசை என் தலைக்கு மேல் நின்றது. பண்ணை அதிகாரி அண்ணாந்து பார்த்தார். நல்லவேளை, என்னைக் கேட்கவில்லை. உறை மாட்டியவளைக் கேட்டார். “இது அசல்தானா?”

“அசல்தாங்க ஐயா. சந்தேகமே வாணாம்.”

கலப்பில்லாததா என்று அவர் கேட்டார். வெளிச் சம்பந்தம் என்று அவள் சொன்னாள். இருவரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நோஞ்சானாகாத அதிசய வரிசை என்று அவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

அதிசயத்தின் விதையை மறு ஆண்டு விதைத்தோம். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வெளிறல்; கலப்பு விதையை மறுபடி விதைத்தால் அப்படித்தான் சிதறும். மேலிடத்தில் சிரித்திருக்கிறார்கள். அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். “அசல் என்று பொய் சொன்னாயே!”

“அசல்னுதானே ஐயா சொன்னேன்! தம்பியக் கேளுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். பக்கத்து வரிசைத் தூளும் பகல் காட்சியும் அதோடு வெளியே வந்திருக்கும்.

“ஆமாம் சார், அசல் என்றுதான் சொன்னாள்” என்றேன்.

“பாத்தீங்களா ஐயா, தம்பியே சொல்லுது” என்று அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். அன்றோடு அவளை நிறுத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து உறைகளை நானே மாட்டினேன்.