பாயிண்டில் யார் இறங்குவது?

புதுச்சேரி லாஸ்பேட்டை கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு ஆட்டத்தைவிடப் பேச்சுதான் அதிக நேரம் நடக்கும். எல்லோரும் ஒரே கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவர்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அன்றைக்கு அமெரிக்க ஆட்டக்காரர்களில் தலைசிறந்த பாயிண்ட் கார்டு யார் என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தோம். பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்தான் பாயிண்ட் கார்டு. ஒருத்தி யார் எத்தனை கோப்பை வாங்கினார் என்று பார்க்கச் சொன்னாள். இன்னொருத்தி, தூரத்திலிருந்து கூடையில் போடத் தெரியாதவனுக்கு என்ன முதலிடம் என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாஸ் கொடுக்கத்தானே அந்த இடமே? நானும் அங்கே ஆடுகிறவள், விட்டுக்கொடுப்பேனா?

"அமெரிக்காவ வுடுங்கடி. அடுத்த வாரம் காரைக்கால்காரிங்க வர்றாளுங்க. நம்ம பாயிண்ட்ல மொதல்ல யாரு எறங்கறது, அதச் சொல்லுங்க" என்றாள் எங்கள் கேப்டன்.

அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்: நானும், கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவளும். என் முழங்கால் இன்னொரு வருஷம் தாங்காது. இந்த ஆட்டத்தையாவது நான் தொடங்க வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

எங்களிடம் ஓட்டு என்றால் தண்ணீர் பாட்டில்தான். யாருக்கு ஓட்டோ அவள் முன்னால் பாட்டிலைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். முகத்துக்கு நேராக, ஒளிவுமறைவு கிடையாது. எனக்கு இரண்டு வந்தது, அவளுக்கும் இரண்டு. மிச்சம் என் நெட்டைத் தோழி மட்டும்தான். கூடைக்கு அடியில் நிற்பவள், கல்லூரி நாளிலிருந்து என் பாஸை வாங்கிப் போட்டே பெயர் எடுத்தவள். நான் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அவள் பாட்டிலைக் கருவடிக்குப்பத்துக்காரி முன்னால் வைத்தாள்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடி" என்றேன்.

அவள் அசரவில்லை. "நீ பந்த யாருக்குக் குடுப்பன்னு காரைக்கால்ல இருக்கறவளுக்குக் கூடத் தெரியும். எனக்குத்தான் குடுப்ப. நாலு பேரு வந்து எம்மேல வுழுவாளுங்க. இவ யாருக்குக் குடுப்பான்னு நமக்கே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுத்துச் சொல்ல ஒரு ஆட்டமாவது ஞாபகத்துக்கு வருமா என்று தேடிப் பார்த்தேன், வரவில்லை.

"அப்ப நான் வெளிய குந்தி வேடிக்க பாக்கட்டுமா?"

"ஏன் குந்தற? எம் பக்கத்துல நில்லு. எல்லாரும் என்னயே மறிக்கட்டும். நான் உனக்குக் குடுக்கறேன், நீ போடு."

இத்தனை வருஷ ஆட்டத்தில் என்னைப் பார்த்து யாரும் 'நீ போடு' என்று சொன்னதே இல்லை.