தாமரை மொக்குப் புட்டா

நான் ஆரம்பித்து முடிக்காமல் விட்டவற்றைச் சொல்ல உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். டைப்ரைட்டிங்கில் பரீட்சைக்கு முந்தின வாரம் நின்றேன். அழகுக்கலை வகுப்பில் ஒரு புருவம் வரைக்கும் போனேன். அந்த ஒரு புருவம் என் அக்காவுடையது. அது திரும்ப முளைக்கும்வரை அவள் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தாள். தையல் வகுப்பில் அவளுக்கே ஒரு ஜாக்கெட் வெட்டி, ஒரு கையையும் வைத்துத் தைத்தேன். இரண்டாவது கைக்குப் போவதற்குள் ஆசை தீர்ந்துவிட்டது. அந்தத் தையல் மிஷின் இன்றைக்கும் கட்டிலோரத்தில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் அரிசி மூட்டை.

ஆகவே, முப்பத்தொன்பது வயதில் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுப்பது வீண்வேலை, பத்து நாளில் தானாகவே நின்றுவிடுவாள் என்று விட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் சும்மா இருக்கவில்லை. அவளும் நானும் வாக்கப்பட்டது ஒரே ஊரில், வடமதுரைப் பக்கம். இரண்டு வீட்டிலும் சின்ன வெங்காயம்தான் வெள்ளாமை. அன்றைக்கு இரண்டு வீட்டு ஆண்களும் கேட்டுக்கொண்டிருக்க, முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏண்டி, நீ முழுசா முடிச்சு, நீ போட்ட டிசைன்ல ஒரே ஒரு சேலை வரட்டும். என் மக நிச்சயத்துக்கு நான் அதத்தான் கட்டுவேன். பட்டு எடுக்க மாட்டேன்."

அக்கா சொன்ன சொல்லை மாற்றியதே கிடையாது. அவள் மகளுக்குத் தொப்பம்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது, பெரிய தென்னந்தோப்புக்காரர்கள். அந்தச் சம்பந்திமார் முன்னால் அவள் நான் போட்ட சேலையில் நிற்கப்போகிறாள், அல்லது நான் நிற்கவைக்க முடியாமல் போகிறேன். இரண்டில் ஒன்றுதான். மறுநாளே போய்ப் பணம் கட்டினேன், பயத்தில். சந்தோஷத்திலும்தான்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்ததற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருசமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். கடை திறப்பது பத்து மணிக்கு. வகுப்பு ஏழரையிலிருந்து ஒன்பதரை. முதல் நாள் போனால் மொத்தம் பதினொரு பேர், பத்துப் பேர் கல்லூரி முடித்த பிள்ளைகள். சொல்லிக்கொடுக்கும் மேடத்துக்கே இருபத்துநாலு வயதுதான் இருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் யாரோ ஒரு பெண்ணின் அம்மா என்று நினைத்து, "அட்மிஷனுக்கு ஆபீஸ் ரூம் கீழ இருக்கும்மா" என்றது அந்தப் பெண். "படிக்கிறது நான்தான் மேடம்" என்றேன். அது எழுந்தே நின்றுவிட்டது.

திரை முழுக்கக் கட்டம். நீளவாக்கில் போகும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு கட்டத்தில் சிவப்பு வைத்தால் அந்த இடத்தில் பாவு மேலே வரும். வெள்ளையாக விட்டால் ஊடை மேலே. நெசவு என்பது அவ்வளவுதான் என்று மேடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருசமாக விரித்து, மடித்து, விரித்து, மடித்து, தோளில் போட்டுக் காட்டிய அத்தனை சேலைக்குள்ளும் இந்த மேல்கீழ் கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்!

கோலம் போடுகிற கைக்கு இதெல்லாம் சுலபம் என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் கோலத்துக்கும் ஆகவே ஆகாது. எங்கள் வாசலில் ஸ்டிக்கர்தான். ஆனால் இந்தக் கட்டம் எனக்குப் பித்துப் பிடிக்கவைத்துவிட்டது. மவுஸைப் பிடித்தால் விட மனமில்லை. தப்பாகப் போட்டால் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் போதும், தப்பு மறைந்து பழையபடி ஆகிவிடும். அதைக் கண்டுகொண்ட அன்றைக்கு வேண்டுமென்றே பத்துத் தப்புச் செய்து பத்தையும் அழித்துப் பார்த்தேன். அக்காவின் புருவத்துக்கு இப்படி ஒரு பொத்தான் இல்லாமல் போனதே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கண்ணில் பட்டதெல்லாம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. பேருந்து நிலையத் தரையில் ஓடுகளை எண்ணி, பஸ்ஸை விட்டேன். ஒரு பூ எங்கே முடிந்து மறுபடி எங்கே தொடங்குகிறது என்பதை ரிப்பீட் என்பார்கள். ஒரு காலையில் வீட்டுக்காரர் லுங்கியைப் பிடித்து இழுத்து அதில் ரிப்பீட் தேடிக்கொண்டிருந்தேன். "ஏய், வெங்காயம் அறுக்க ஆளுக வர்ற நேரம், விடு" என்று லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வகுப்பில் எனக்கு ஒரு கெத்தும் கிடைத்தது. பிள்ளைகள் மயிலும் யானையும் தேருமாகப் போட்டுத் தள்ளினார்கள். அவற்றில் ஊடை நூல் பல கட்டங்களுக்குப் பிடிப்பே இல்லாமல் நீளமாக மிதந்து போகும். "இது மெட்டியில மாட்டும் மேடம். ஒரே வாரத்துல திருப்பிக் கொண்டாந்து என் மூஞ்சியில எறிவாங்க" என்றேன். எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்! மேடம் அன்றிலிருந்து எல்லோருடைய டிசைனையும் என்னிடம் ஒருமுறை காட்டச் சொன்னது. நான் தரையில் நடக்கவில்லை.

நான் போட்டது தாமரை மொக்கு. சின்னதாக, ஒடிசலாக, நுனி கூர்ந்து, உள்ளே இதழ் மடிப்புக்கு நாலைந்து கோடு, அடியில் கொஞ்சூண்டு தண்டு. உடல் முழுக்கச் சிதறிக் கிடக்கிற சின்னப் புட்டா. பெரிய புட்டாவை எடுத்துப் பார்க்கிறவர்கள் கடைசியில் சின்னப் புட்டாவைத்தான் வாங்கிப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே எங்கள் வீட்டு டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். கதாநாயகியும் ஒரு அகலம், வில்லனும் அதே அகலம். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் எல்லோரும் மெலிந்து ஒழுங்காகிவிடுவார்கள். வீட்டிலேயே அந்தப் பட்டன் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

கடைசி வாரம் மேடம் ஒவ்வொருவர் டிசைனிலும் தறியின் நூல் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அங்குலத்துக்குப் பாவு இத்தனை, ஊடை இத்தனை. என் டிசைனில் போட்டதும் என் மொக்கு பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. கட்டங்களெல்லாம் அகலமாகி, மொக்கும் குட்டையாகி, குண்டாகி, என்னைப் பார்த்து முழித்தது. மேடம் அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டது. எனக்குக் குழப்பமே இல்லை. இது டிவி வியாதி. மெனுவில் தேடினேன், சதுரக் கட்டம் என்று ஒன்று இருந்தது, அமுக்கினேன். மொக்குக்கு இடுப்பு திரும்ப வந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. இந்தச் சின்ன விஷயத்துக்கு மேடத்தைத் தொந்தரவு செய்வானேன்?

பதினொரு டிசைனில் ஒன்றைத்தான் தறியில் போட்டு நெய்து தருவதாகப் பேச்சு. சின்னாளபட்டிப் பக்கத்திலிருந்து விசைத்தறிக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். நூல் எங்கும் மிதக்கவில்லை, சின்னப் புட்டா, விற்கும் என்று என்னுடையதைத் தொட்டார். நான் மேடத்தைக் கட்டிப்பிடித்தேன். பிறகு தறிக்காரரையும் கட்டிப்பிடிக்கப் போய், பாதியில் கும்பிடாக மாற்றிக்கொண்டேன்.

அவரிடம் இரண்டு தறியில் பாவு ஏறியிருந்தது. ஒன்று பச்சை, ஊதா பார்டர். இன்னொன்று மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். எனக்குப் பச்சைதான் ஆசை. தாமரை இலைக்குப் பச்சை, எவ்வளவு பொருத்தம்! அக்காவுக்கு போன் போட்டேன்.

"அரக்கு பார்டர். புட்டாவும் அரக்காவே இருக்கட்டும்" என்றாள்.

"அக்கா, பச்சையில எடுப்பா இருக்கும்க்கா."

"கட்டப் போறது நீயா நானா? அரக்குன்னா அரக்கு."

போனை வைத்துவிட்டாள். அரக்கில் இவளுக்கு என்ன வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே பென் டிரைவைக் கொடுத்தேன்.

நிச்சயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சேலை வந்தது. "நல்லா வந்திருக்கும்மா, நம்ம பக்கத்துக்கு ஏத்த டிசைன்" என்று தறிக்காரர் பையை நீட்டினார். பாராட்டு என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊர்வரைக்கும் பொறுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. உட்கார்ந்த உடனேயே பையைத் திறந்து ஒரு மடிப்பை விரித்தேன். பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அடியாத்தி! வெங்காயம் அச்சு அசலா இருக்கே!"

நான் பார்த்தேன். குட்டையாக, குண்டாக, நுனி மட்டும் கூர்ந்து, உள்ளே தொலிக்கு நாலைந்து கோடு, அடியில் கொஞ்சூண்டு வேர். நிறமும் அரக்கு. மஞ்சள் களத்தில் காயப்போட்ட மாதிரி உடல் முழுக்கச் சின்ன வெங்காயம். நான் பிறந்ததிலிருந்து உரித்த வெங்காயம் எனக்குத் தெரியாதா?

மேடத்துக்கு போன் போட்டேன். அது விளக்கியது: அந்தத் தறியில் பாவைவிட ஊடை நெருக்கம். அதனால் நெய்யும்போது உயரம் சுருங்கும். திரை குண்டாகக் காட்டியது நிஜம்; நான் மொக்கை இன்னும் நெட்டையாக வரைந்திருக்க வேண்டும். நானோ கண்ணாடியை மாற்றிவிட்டு முகம் அழகாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். "நானும் கவனிக்கல அக்கா, ஸ்கிரீன்ல தாமரையாத்தான் இருந்துச்சு" என்று அந்தப் பிள்ளை அழுதுவிடும்போல் ஆனது. அதைத் தேற்றிவிட்டு நான் அழுதேன். பூக்கார அம்மாள் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார்.

தறி பழுதாகிவிட்டது என்று அக்காவிடம் பொய் சொல்வதாக இருந்தேன். வாசலில் கால் வைத்ததுமே பையைப் பிடுங்கிவிட்டாள். விரித்தாள். ஒரு புட்டாவைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"என்னடி இது?"

"தாமரை."

அவ்வளவுதான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "தொலி வரைக்கும் போட்டிருக்கியேடி, பாவி!" என்று மூச்சு வாங்கினாள். நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க அழுகையாக வந்தது.

"வேற சேலை எடுத்துக்கக்கா. தோப்புக்காரங்க முன்னாடி உன்னை நிக்கவச்சு நான் கேவலப்படுத்த மாட்டேன்."

"சொன்னது சொன்னதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

நிச்சயத்தன்று நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. கேசரியைக் கிண்டிக்கொண்டே கதவிடுக்கில் பார்த்தேன். அக்கா மாம்பழ மஞ்சளில், முந்தானையைத் தோளோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கனமான பட்டில் வந்து உட்கார்ந்தார். பார்த்தார். குனிந்து இன்னொரு முறை பார்த்தார். என் கரண்டி நின்றுவிட்டது.

"ஏனுங்க சம்பந்தி, இது என்னங்க புட்டா? சின்ன வெங்காயமாட்டம் இருக்குதுங்க?"

என் அக்காவுக்குப் பொய் வராது. குழம்பில் உப்புக் கூடினால் விருந்தாளி வாயில் வைப்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"ஆமாங்க, வெங்காயமேதான். எங்க வெள்ளாமை அதுதானே? என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல போட்டது. நாந்தான் வெங்காயமே போடுடின்னு கேட்டு வாங்குனேன்."

"அடேங்கப்பா! கடையில இப்படிக் கெடைக்காதுங்களே! எங்க தோப்புக்குத் தேங்காய் போட்டு ஒண்ணு தரச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். கூட வந்த பெண்கள் எல்லோரும் முந்தானையைத் தடவிப் பார்க்க எழுந்துவிட்டார்கள். எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. கேசரி அடிப்பிடித்தது.

தட்டு மாற்றும்போது நான் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். தாம்பாளத்தை உயர்த்தியதில் அவள் முந்தானை நழுவியது. அரக்கு ஜாக்கெட். பக்கவாட்டில் பிரித்து விட்டிருந்தாள். இடது கையில் தையல் பாம்பு போல வளைந்து வளைந்து ஓடியது. இரண்டு இடத்தில் தடம் மாறி, மறுபடி வந்து சேர்ந்திருந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? வலது கையில் பொடிப்பொடியாகக் கைத்தையல்.

அந்தக் கைத்தையலைத் தொட்டுப் பார்த்தேன்.

"இத எப்பக்கா முடிச்ச?"

"நீ மிஷினை மூடிப் போட்ட மாசமே" என்றாள் அக்கா, சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி. "இதுக்கு ஏத்த சேலைதான் இம்புட்டு வருசமா கிடைக்கல."