என் மடியில் உட்கார வேண்டியவள்

மெக்சிகோவில் யாரும் நம்மை நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. கேன்டீனில் நம் மேசையைத் தாண்டிப் போகிறவர், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். ஓசூரிலிருந்து மிச்சிகன் போய், அமெரிக்கக் குடிமகனாகி, கம்பெனி அனுப்பியதால் இப்போது கெரெத்தரோ நகரத்து ஆலையில் இருக்கிறேன். மிச்சிகனில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது. இங்கே லைன் சூப்பர்வைசர் ராவுலின் மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதுவரை தெரியும். கம்பெனி பஸ், ஷிப்டு மாறும் நேரத்தில் கேட் ஓரமாகத் தின்பண்டம் விற்கும் அம்மாள், எல்லாம் நம் சிப்காட் மாதிரியேதான். அதனாலேயே பொறாமை அதிகம். ராவுல் வேலை முடிந்து போகிற வீட்டில் அக்கா, தங்கை, அத்தை எல்லாரும் இருக்கிறார்கள். நான் போகிற வீட்டில் மைக்ரோவேவ் இருக்கிறது.

மத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். அவள் மகள் நிலாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அதே வாரம் இங்கே புது லைன் ஓட ஆரம்பிக்கிறது. லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

"நீ வராட்டி பரவால்லடா. முருகேசன ஒக்கார வெச்சிக்கிறோம்."

"அவனையா?"

"ஏன், அவனும் தம்பிதான? எம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடுனது அவன்தான். நீ கம்மல் மட்டும் அனுப்பிடு, போதும்."

போதுமாம்! முருகேசன் எங்கள் சித்தப்பா மகன். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, ஒரு பைக், வேறொன்றும் கிடையாது. சின்ன வயதில் நான் போட்டுக் கழித்த சட்டையை வாங்கிப் போட்டவன், இப்போது என் இடத்தையும் வாங்கிக்கொண்டான். வயிறு எரிந்தது. "சரிக்கா, அவனையே வெச்சிக்கோங்க" என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அங்கே ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் இங்கே சனிக்கிழமை சாயங்காலம். அதே சாயங்காலம் ராவுலின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று வீடியோ கால் பார்த்தேன். ஆசாரி கிட்டே வந்ததும் நிலா வீறிட்டாள். "வேணா மாமா, வேணா மாமா" என்று முருகேசன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் கண்ணில் தண்ணீர். படுபாவி, அழக்கூடச் செய்கிறான்! என்னை மாமா என்று கூப்பிடச் சொன்னால் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள் அவள்.

ராவுல் எட்டிப் பார்த்தான். "யார் அது, இன்ஹெ?" இஞ்சினியரை இங்கே அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள்.

"என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறவன்."

"அட, நல்ல மனுஷன்! உங்களுக்காக வந்திருக்கிறார்." ராவுல் போனுக்குள் கையசைத்தான். முருகேசனும் பதிலுக்குக் கையசைத்தான். இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது.

ராவுல் வந்தது வேறு காரியத்துக்கு. ஞானத்தந்தை பிள்ளைகளுக்குச் சில்லறைக் காசு வாரி இறைப்பது இங்கே வழக்கம். இந்தக் குழந்தைக்கு ஞானத்தந்தை, ராவுலின் அண்ணன் பேத்தோ. ஷிகாகோவில் கூரை போடுகிற வேலை. விசா இல்லாமல் போனவன். வந்தால் திரும்பப் போக முடியாது. சர்ச்சில் அவனுக்குப் பதிலாக ராவுலின் மாமனார் நின்றார்.

"காசை நீங்கள் இறையுங்கள். அண்ணன் உங்கள் நாட்டில்தானே இருக்கிறான்," என்றான் ராவுல். என் நாடு! நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

தோளில் குழந்தையைப் போட்டார்கள், கையில் காசுப் பையைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் "பத்ரீனோ! பத்ரீனோ!" என்று என்னைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஞானத்தந்தையே, ஞானத்தந்தையே என்று! பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாரி வாரி இறைத்தேன். அத்தனை கூச்சலிலும் குழந்தை என் காலரைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. ராவுல் தூக்கிப் பிடித்த போனில், வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேத்தோ கைதட்டிக்கொண்டிருந்தான். "நன்றி, இன்ஹெ, ரொம்ப நன்றி." வாய்தான் சொன்னது. கண் என் தோளை விட்டு நகரவில்லை.

குழந்தையை வாங்கிக்கொள்ள ராவுலின் மனைவி கை நீட்டினாள். "இருக்கட்டும்மா, தூங்குறான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கொடுக்காமல் நின்றேன்.