மஞ்சள் சால்வைகளை வெளியே அனுப்பிய நீதவான்

முந்தாநாள் காலை கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். புத்தளத்திலிருந்து வந்த பஸ்காரர் மணலில் ஓடிவந்தார். "நீதவான் ஐயா போயிட்டாராம்!" கயிற்றைப் பிடித்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. எங்கள் நீக்கிலாப்பிள்ளை ஐயாவை அறியாதவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும் என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அவர் அரசாங்க சபைக்கு நின்றபோது நான் சிறுபிள்ளை. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப் பெட்டி; அவருடையது மஞ்சள். கரை முழுவதும் மஞ்சள் சால்வைதான்! வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "வோட்டுப் போடாட்டியும் மீன்குழம்பு தருவீங்கதானே, அக்கா?" என்று கேட்டார்.

"போட்டாத்தான் மீன். இல்லாட்டி வெறுங் குழம்பு" என்றார் அம்மா. ஐயா சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்குக் கேட்டது. அவர் வென்ற அன்று வெடி கொளுத்தி ஆடினோம்.

சில வருடங்களில் அந்தப் பதவியை விட்டு எங்கள் நீதிமன்றத்துக்கே நீதவானாக வந்தார். "இனிக் கோடும் நம்மடதான்!" என்று ஊரே துள்ளியது.

அந்த நேரம்தான் அப்பாவின் வழக்கு. கரைவலையை யார் எந்த நாள் போடுவது என்று எங்களுக்குள் முறை உண்டு. அன்று அப்பா வலை போட, "இது என்ட நாள்" என்று சூசை மாமா மறித்தார். அப்பா அடித்துவிட்டார். முறை அப்பாவுடையதென்றால் தப்பலாம், இல்லையென்றால் மறியல், சிறைதான்.

அப்பா மஞ்சள் சால்வையோடு கோட்டுக்குப் போனார். அங்கே சூசை மாமாவும் மஞ்சள் சால்வை! இரண்டு பக்கத்து ஆட்களும் மஞ்சள்!

ஐயா கண்ணாடியைக் கழற்றி எல்லோரையும் பார்த்தார். "இது தேர்தல் மேடை இல்லை. சால்வையை வெளியில வச்சிட்டு வாங்க."

சாட்சி நான். "அன்றைக்கு யாருடைய முறை, மகள்?" என்று கேட்டார். அப்பா என்னையே பார்த்தார்.

"சூசை மாமாட" என்றேன்.

"சத்தமாச் சொல்லு!" என்று கோட்டில் மொழிபெயர்க்கும் முதலியார் அதட்டினார்.

"வேண்டாம். எனக்குக் கேட்டுட்டுது" என்றார் ஐயா.

ஒரு மாத மறியல். "உங்களுக்கு வோட்டுப் போட்ட கை இது!" என்று அப்பா கத்தினார்.

"ஓம், தெரியும். அதுதான் இரண்டு தரம் யோசிச்சனான்."

மறியலால் வந்த அப்பா ஐயாவின் பெயரையே எடுக்கவில்லை. என்னோடும் நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று அடக்கம். ஐயாவைத் தூக்க ஆட்கள் நெருக்கியடித்தார்கள். "விலகுங்கடா! அவரிட்டத் தோத்தவன் நான்!" என்று அப்பா பாய்ந்துபோய் முன்பக்கம் தோள் கொடுத்தார். மறுபக்கம் சூசை மாமா. "காலை ஒத்து வையடா, விழுத்திப்போடாத" என்று இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே நடந்தார்கள்.

மாதா கோயில் வாசலில் அப்பா என்னைத் தேடித் திரும்பினார். "மகள், நீ முன்னால வா" என்றார்.

போய்வாருங்கள், ஐயா. நான் முன்னால் நடந்தேன்.