நிழலண்ணனின் இரண்டு பாட்டில்கள்

கார் பானெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. "காய்ச்சல் அடிக்குது சார். முதல்ல நிழலுக்குத் தள்ளுங்க," என்கிறார். காரைக் கொண்டுவந்தவர் வங்கி மேலாளர், அவசரக்காரர். ஆனாலும் தள்ளாமல் தீராது. இப்படிச் சொல்லிச் சொல்லியே இந்தக் கார் கழுவும் கொட்டகைக்காரருக்கு நிழலண்ணன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

ஆள் ஒல்லி. பொத்தான் வைத்த சட்டை போட மாட்டார், பெயின்ட்டைக் கீறிவிடுமாம். மோதிரத்தைக் கழற்றி வைத்ததற்கு மனைவியிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. துடைக்கும் துணி தவறித் தரையில் விழுந்தால் அதோடு சரி, அது சக்கரம் துடைக்கப் போய்விடும்.

இடுப்புப் பட்டையில் இரண்டு பாட்டில்கள் தொங்கும். இடப்பக்கம் குயிக் டீட்டெய்லர், வலப்பக்கம் ஸ்பிரே வாக்ஸ். "ரெண்டுமே பளபளன்னுதானே ஆக்குது, எதையாவது அடிங்க" என்று யாராவது வாயை விட்டால் தொலைந்தார்கள். "அதெப்படி சார்? இந்த டீட்டெய்லர் முகம் கழுவிப் பவுடர் போடுற மாதிரி. லேசான தூசி, கைரேகை எல்லாம் போயிரும், ரெண்டு மூணு நாள் ஜம்முனு இருக்கும். அந்த வாக்ஸ் மழைக்கோட்டு. ஒரு மாசம் தாங்கும். விருந்துக்குப் போறீங்களா, மழையில போறீங்களா, அதைச் சொல்லுங்க!"

இவ்வளவு சட்டம் பேசுகிற மனிதர் போன மாதம் கோட்டை விட்டார்.

அவருடைய ஒரே மகள் மாட்டு டாக்டர். பத்து மணி நேரம் ஓட்டிப் போக வேண்டிய தூரத்தில் வேலை கிடைத்திருந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரு வாரமாக அதே பேச்சு. கிளம்புகிற அன்று காலை, தோழிகளிடம் சொல்லிக்கொண்டு வந்தவள், தன் கருநீலக் காரைக் கொட்டகை முன் வெயிலிலேயே நிறுத்தினாள்.

"அப்பா, நேரமில்ல. அந்தப் பவுடரை மட்டும் அடிச்சு விடுங்க."

நியாயமான பேச்சுதான். வேறு யார் காராக இருந்தாலும் அவரும் அதையே சொல்லியிருப்பார். ஆனால் பவுடர் மூன்று நாள்தான் தாங்கும். இவளோ தினமும் தொழுவம் தொழுவமாகச் சேற்றில் போகப்போகிறவள். அடுத்து எப்போது வருவாளோ, யார் கண்டது? கை தானாக வலப்பக்கப் பாட்டிலுக்குப் போயிற்று. பானெட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை, நிழலுக்குத் தள்ளவும் தோன்றவில்லை. கொதிக்கிற தகட்டில் வாக்ஸைப் புஸ் புஸ்ஸென்று அடித்தார். துணி போய்ச் சேருமுன் அது காய்ந்து, கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது.

"அய்யய்யோ!"

மகள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முப்பது வருஷ சர்வீஸு! ஊருக்கெல்லாம் நிழலு, பெத்த பொண்ணுக்கு மட்டும் வெயிலா?"

"சிரிக்காதடி, மானம் போகுது," என்றவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பில் வந்தது பாதி, அவள் போகிறாளே என்று வந்தது பாதி.

இருவருமாகக் காரை நிழலுக்குத் தள்ளினார்கள். தகடு ஆறும்வரை அரை மணி நேரம் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பிறகு டீட்டெய்லரை அடித்துத் திட்டுகளை எடுத்தார். அதன்மேல் புதிதாக வாக்ஸ். அந்தப் பக்கம் மகள் ஒரு துணியோடு நின்றாள். நேரமில்லை என்ற பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

"சேத்து மேல துணிய வச்சுத் தேய்ச்சே, அப்புறம் நான் பொல்லாதவனாயிருவேன். முதல்ல தண்ணி ஊத்திக் கழுவணும்."

"சரிப்பா. மாட்டையும் நிழல்லயே கட்டச் சொல்றேன், போதுமா?"

துடைத்து முடித்த காரில் அதன் சொந்தக்காரர் விரல் வைத்தாலே பதறுகிறவர் அவர். கார் நகர்ந்ததும் பின்னாலேயே நாலெட்டு ஓடினார். "போய்ட்டு வாம்மா!" என்று டிக்கியில் உள்ளங்கை முழுவதும் பதிய ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். புது வாக்ஸில் ஐந்து விரலும் அச்சாக விழுந்தன. துடைக்கிற துணி அவருடைய இன்னொரு கையில்தான் இருந்தது.